சாட் பெட்டியை கூகுள் அனலிட்டிக்ஸுடன் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளத்தில் சாட் பெட்டி வைத்து, விளம்பரத்துக்கும் செலவு செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். எடுத்துக்காட்டுக்கு டாக்.டு என்ற சாட் கருவி, கண்காணிப்பு நிரல்களை ஒரே இடத்திலிருந்து தளத்தில் சேர்க்க உதவும் கூகுள் டேக் மேனேஜர், பார்வையாளர்களின் செயல்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (இனி ஜிஏ4) மூன்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு குறிப்பு: ஜிஏ4 பதிவு செய்யும் ஒவ்வொரு செயலும் ஓர் ஈவென்ட். ஈவென்ட் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அமைக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோட்டுடன் தட்டச்சிடுங்கள்.

சாட்டும் போட்டாச்சு, அனலிட்டிக்ஸும் போட்டாச்சு. ரெண்டும் தானா இணையாதா?

இணையாது. சாட் பெட்டி உங்கள் பக்கத்தில் தெரிந்தாலும், பெரும்பாலும் அது சாட் நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த தனிப் பக்கம்) ஏறுகிறது. ஒரு தளத்தின் நிரல் வேறொரு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் எட்டிப் பார்ப்பதை உலாவி அனுமதிக்காது. ஆகவே பெட்டிக்குள் யார் எதை அழுத்தினாலும், என்ன எழுதினாலும், உங்கள் பக்கத்தில் இருக்கும் அனலிட்டிக்ஸுக்கு அது தெரியாது. டேக் மேனேஜரில் கிளிக் டிரிகர் (கிளிக் நடந்தால் ஒரு டேக்கை, அதாவது சிறு நிரலை, ஓட்டும் நிபந்தனை) வைத்துப் பார்த்து ஒன்றுமே வரவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வழி என்னவென்றால், சாட் கருவியே 'இப்போது உரையாடல் தொடங்கியது', 'இப்போது படிவம் நிரப்பப்பட்டது' என்று பக்கத்துக்குச் செய்தி சொல்லும். அந்தச் செய்தியைப் பிடித்து அனலிட்டிக்ஸுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

ஆரம்பிக்கும் முன்னாடி என்னென்ன கையில இருக்கணும்?

ஜிஏ4 ப்ராப்பர்ட்டியில் (உங்கள் தளத்தின் தரவு சேரும் இடம்) எடிட்டர் அனுமதி, டேக் மேனேஜர் கன்டெய்னரில் (தளத்தின் டேக்குகள் இருக்கும் தொகுப்பு) பப்ளிஷ் அனுமதி, சாட் கருவியின் அட்மின் கணக்கு. ஜி என்ற எழுத்தில் தொடங்கும் உங்கள் மெஷர்மென்ட் ஐடியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். தளத்தின் நிரலில் கூகுள் டேக் நேரடியாகவும் ஒட்டப்பட்டு, டேக் மேனேஜர் வழியாகவும் ஓடுகிறதா? அப்படியானால் பக்கப் பார்வைகளே இரண்டு முறை பதிவாகிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்துவிட்டுத்தான் சாட் வேலையைத் தொடங்க வேண்டும்.

எதை கன்வெர்ஷன்னு எடுத்துக்கணும்? பெட்டியைத் திறந்தாலே கணக்கு வச்சா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இது. கன்வெர்ஷன் என்பது உங்கள் தொழிலுக்குப் பலன் தரும் செயல். பெட்டியைத் திறந்தவரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது, கடை வாசலில் எட்டிப் பார்த்தவரை வியாபாரம் முடிந்தவராக எழுதிக்கொள்வதைப் போன்றது. கைபேசியில் விரல் தவறிப் பட்டுத் திறந்தவர், மூடும் குறியைத் தேடித் தட்டியவர், தானாகத் திறக்கும்படி நீங்களே அமைத்ததால் கண்ணில் பட்டவர் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள். அந்த எண்ணை கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸுக்கு ஊட்டினால், வாங்க வருபவர்களை விட்டுவிட்டு, பெட்டியைத் திறக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடிக்க உங்கள் பணம் செலவாகும்.

சாட்டை மூன்று படிகளாகப் பிரியுங்கள். பெட்டி திறந்தது: சாட்_ஓபன். பார்வையாளர் உரையாடலைத் தொடங்கினார்: சாட்_ஸ்டார்ட். பெயரும் தொடர்பு விவரமும் தந்து லீட் (வாடிக்கையாளராகக்கூடியவர்) ஆனார்: ஜெனரேட்_லீட். கடைசிப் பெயர் ஜிஏ4 தானே பரிந்துரைக்கும் ஈவென்ட் பெயர். மூன்றையும் பதிவு செய்யுங்கள். ஆனால் கன்வெர்ஷனாக மூன்றாவதை மட்டும் குறியுங்கள். முதல் இரண்டும் எங்கே ஆட்கள் விலகுகிறார்கள் என்று பார்க்க உதவும். திறப்பவர் பலர், தொடங்குபவர் சிலர் என்றால் வரவேற்பு வாசகத்தைக் கவனிக்க வேண்டும். உரையாடலுக்கு முன்பே படிவம் கேட்டால், அதில் கேள்விகள் அதிகமா என்றும் பாருங்கள்.

ஜிஏ4-ல 'கன்வெர்ஷன்' பட்டனையே காணோமே?

2024 மார்ச் மாதம் கூகுள் அதன் பெயரை 'கீ ஈவென்ட்' என்று மாற்றியது. இப்போது கன்வெர்ஷன் என்ற சொல் கூகுள் ஆட்ஸ் பக்கத்துக்கு உரியது; அனலிட்டிக்ஸுக்குள் நீங்கள் குறிப்பது கீ ஈவென்ட். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் இருந்த 'கோல்' இப்போது இல்லை. அந்தப் பதிப்பின் சாதாரணக் கணக்குகள் 2023 ஜூலை 1 முதல் தரவு பெறுவதையே நிறுத்திவிட்டன. கேட்டகரி, ஆக்‌ஷன், லேபிள் என்று சொல்லித்தரும் வழிகாட்டி கையில் கிடைத்தால் அது அந்தக் காலத்தது, விட்டுவிடுங்கள்.

சாதாரண ப்ராப்பர்ட்டி ஒன்றில் 30 கீ ஈவென்ட் வரை வைக்கலாம். குறித்த நாளிலிருந்துதான் அது எண்ணப்படும். பழைய தரவுக்குப் பின்னோக்கிப் போகாது. எனவே விளம்பரம் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

சரி, டாக்.டு-க்கு படிப்படியா எப்படிச் செய்றது?

முதலில் டாக்.டு அட்மினில் உரையாடலுக்கு முந்தைய படிவத்தை, அதாவது ப்ரீ-சாட் ஃபார்மை, இயக்குங்கள். பெயர், தொலைபேசி எண் இரண்டு போதும். இந்தப் படிவம் இல்லாவிட்டால் மேலே சொன்ன மூன்றாம் படியைப் பிடிக்க வழியில்லை.

அடுத்து டேக் மேனேஜரில் ஒரு கஸ்டம் எச்டிஎம்எல் டேக் (நாமே எழுதும் நிரலை வைக்கும் டேக்). டாக்.டு-வின் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ (உங்கள் நிரல் சாட் கருவியோடு பேசும் வழி) சில கொக்கிகளைத் தருகிறது; ஒரு செயல் நடந்ததும் உங்கள் நிரலை ஓட்டும் இடங்கள் அவை. பெட்டி விரியும்போது 'ஆன் சாட் மேக்சிமைஸ்டு', உரையாடல் தொடங்கும்போது 'ஆன் சாட் ஸ்டார்ட்டட்', படிவம் நிரம்பியதும் 'ஆன் ப்ரீசாட் சப்மிட்', நீங்கள் ஆஃப்லைனில் இருக்கும்போது செய்தி விட்டால் 'ஆன் ஆஃப்லைன் சப்மிட்'. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சிறு ஃபங்ஷனை மாட்டி, அதற்குள் டேட்டா லேயரில் (டேக் மேனேஜர் தகவலைப் படிக்கும் பட்டியல்) உரிய ஈவென்ட் பெயரைத் தள்ளுங்கள். கடைசி இரண்டிலும் ஜெனரேட்_லீட் என்ற பெயரையே தள்ளி, கூடவே லீட்_சோர்ஸ் என்ற பாராமீட்டரில் (ஈவென்ட்டோடு போகும் கூடுதல் தகவல்) ஒன்றுக்கு 'சாட்', மற்றதற்கு 'சாட்_ஆஃப்லைன்' என்று அனுப்புங்கள். இரவில் வரும் செய்திகளை விட்டுவிடுபவர்கள் அதிகம், அவையும் வாடிக்கையாளர்கள்தான். டேக்கின் முதல் வரியில் டாக் ஏபிஐ பொருள் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்துக்கொள், இல்லையென்றால் புதிதாக உருவாக்கு என்று எழுத வேண்டும். அப்போதுதான் சாட் நிரல் முன்னால் ஏறினாலும் பின்னால் ஏறினாலும் வேலை செய்யும். இந்த டேக்குக்கு டிரிகர்: ஆல் பேஜஸ்.

பிறகு மூன்று கஸ்டம் ஈவென்ட் டிரிகர்கள், டேட்டா லேயரில் தள்ளிய அதே பெயர்களில். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கப்படும் என்பதால் ஓர் எழுத்து மாறினாலும் இயங்காது. லீட்_சோர்ஸ் மதிப்பைப் படிக்க ஒரு டேட்டா லேயர் வேரியபிள். கடைசியாக மூன்று ஜிஏ4 ஈவென்ட் டேக்குகள்: மெஷர்மென்ட் ஐடி, ஈவென்ட் பெயர், தேவையான பாராமீட்டர், உரிய டிரிகர். சோதித்தபின் சப்மிட், பப்ளிஷ். ஜிஏ4 அட்மினில் ஜெனரேட்_லீட் ஈவென்ட்டைக் கீ ஈவென்ட்டாகக் குறியுங்கள். எண்ணும் முறை கேட்கும் இடத்தில் 'செஷனுக்கு ஒரு முறை' (அதாவது ஒரு வருகைக்கு ஒரு முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஆள் அரை மணிக்குள் இரண்டு முறை படிவம் நிரப்பினாலும் அது ஒரே விசாரணைதான்.

ஈவென்ட் பேரை நம்ம இஷ்டத்துக்கு வைக்கலாமா?

வைக்கலாம், சில வரம்புகளோடு. 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஓர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது. ஒரு ஈவென்ட்டோடு 25 பாராமீட்டர் வரை அனுப்பலாம். ஒவ்வொன்றின் மதிப்பும் 100 எழுத்துக்குள். அதைத் தாண்டுவது வெட்டப்படும்.

டாக்.டு இல்லாம வேற சாட் வச்சிருக்கோம். இதே முறைதானா?

முறை அதேதான், கொக்கியின் பெயர் மட்டும் மாறும். கிரிஸ்பில் 'ஆன்' கட்டளையோடு 'சாட்:இனிஷியேட்டட்', 'மெசேஜ்:சென்ட்' போன்றவற்றைக் கேட்கலாம். ஹப்ஸ்பாட்டில் 'கான்வர்சேஷன் ஸ்டார்ட்டட்' இருக்கிறது. ஆனால் அதன் சாட் நிரல் ஏறி முடிந்தபின்தான் அதை மாட்ட முடியும், அதற்கென்று 'ஆன் ரெடி' வரிசை ஒன்றைத் தந்திருக்கிறார்கள். உங்கள் கருவியின் டெவலப்பர் ஆவணத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ என்ற பகுதியைத் தேடுங்கள். அப்படி ஒரு பகுதியே இல்லாத கருவி என்றால், கன்வெர்ஷன் கணக்கு முக்கியமாக இருப்பவர்கள் கருவியை மாற்றுவதே நல்லது.

சாட் டூல்லயே 'கூகுள் அனலிட்டிக்ஸ் இணைப்பு'ன்னு ஒரு பட்டன் இருக்கே. அதை ஆன் பண்ணினா போதாதா?

போதும், மூன்று விஷயங்களைச் சரிபார்த்த பிறகு. அது ஜிஏ4-க்கு அனுப்புகிறதா, பழைய பதிப்புக்கா? எந்தெந்த ஈவென்ட்டை அனுப்புகிறது, லீட் அதில் தனியாக இருக்கிறதா? பெயர்களை நீங்கள் மாற்ற முடியுமா? சில இணைப்புகள் பெட்டி திறப்பதையும் செய்தி அனுப்புவதையும் மட்டுமே சொல்லும். அவை மூன்றாம் படிக்கு உதவாது.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் வையுங்கள். பட்டனையும் ஆன் செய்து, டேக் மேனேஜரிலும் அமைத்தால் எல்லாம் இரண்டாகும்.

சரியா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கிறது?

டேக் மேனேஜரில் பிரிவியூ அழுத்தி, தளத்தின் முகவரியைக் கொடுங்கள். திறக்கும் தளத்தில் சாட் பெட்டியை விரியுங்கள், படிவத்தை நிரப்புங்கள், ஒரு செய்தி அனுப்புங்கள். இடப்பக்கப் பட்டியலில் உங்கள் ஈவென்ட் பெயர்கள் ஒவ்வொன்றாக வர வேண்டும். பெயரே வரவில்லை என்றால் கோளாறு கஸ்டம் எச்டிஎம்எல் டேக்கில். பெயர் வந்தும் ஜிஏ4 டேக் 'ஃபயர்' ஆகவில்லை என்றால் கோளாறு டிரிகரில்.

டேக் ஃபயர் ஆனபின் ஜிஏ4 அட்மினில் டீபக்வியூவைத் திறந்தால் சில நொடிகளில் ஈவென்ட் தெரியும். அதைத் தட்டி லீட்_சோர்ஸ் மதிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட் பிளாக்கர் இல்லாத உலாவியில் சோதியுங்கள். கணினியில் ஒரு முறை, கைபேசியில் ஒரு முறை செய்துவிடுவது நல்லது.

பிரிவியூவில் வருது, ஆனா ரிப்போர்ட்டில் ஒண்ணுமே இல்லையே?

பெரும்பாலும் பப்ளிஷ் செய்ய மறந்திருப்பீர்கள். பிரிவியூவில் தெரிவது சேமித்த வரைவுதான். பப்ளிஷ் செய்யும்வரை பார்வையாளர்களுக்கு அது போகாது.

அது சரி என்றால் நேரம். ஜிஏ4-ன் வழக்கமான ரிப்போர்ட்டுகள் முழுமையாக 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். அன்றைக்கே பார்க்க வேண்டுமானால் ரியல்டைம் பக்கம் கடைசி 30 நிமிடத்தைக் காட்டும். இரண்டு நாள் கழித்தும் வரவில்லை என்றால், அட்மினில் டேட்டா ஃபில்டர்களைப் பாருங்கள்: உங்கள் அலுவலக ஐபி 'இன்டர்னல்' என்று குறிக்கப்பட்டு, ஃபில்டர் 'ஆக்டிவ்' நிலையில் இருந்தால் உங்கள் சோதனைகள் எல்லாம் கழிக்கப்படும். அது நல்லதுதான், அலுவலகத்துக்கு வெளியே உள்ள இணைய இணைப்பிலிருந்து சோதியுங்கள்.

ஒரே சாட்டுக்கு ரெண்டு மூணு முறை எண்ணுதே?

மேலே சொன்ன இரட்டை இணைப்பு முதல் காரணம். தளத்தின் தீமில் டெவலப்பர் யாராவது ஏற்கெனவே இதே வேலையைச் செய்துவைத்திருப்பது இரண்டாவது. 'விசிட்டர் மெசேஜ்' கொக்கியில் லீட் ஈவென்ட்டை மாட்டியது மூன்றாவது: பார்வையாளர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் அது ஓடும், பத்து வரி எழுதினால் பத்து லீட்.

ரியாக்ட் போன்றவற்றில் கட்டிய ஒற்றைப் பக்கத் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கம் மாறும்போதெல்லாம் கஸ்டம் எச்டிஎம்எல் டேக் மறுபடி ஓடினால், லிசனர் (ஒரு செயலுக்காகக் காத்திருக்கும் நிரல்) சேர்க்கும் வகைக் கருவிகளில் ஒரே லிசனர் பலமுறை சேர்ந்துவிடும். டேக் அமைப்பில் 'பக்கத்துக்கு ஒரு முறை' என்று வைத்து, ஹிஸ்டரி சேஞ்ச் டிரிகரை நீக்குங்கள். டாக்.டு-வின் கொக்கிகளில் இதற்கு நேர் எதிரான ஆபத்து இருக்கிறது: கடைசியாக மாட்டிய ஃபங்ஷன் முந்தையதை அழித்துவிடும். வேறொரு பிளகின் அதே கொக்கியைப் பயன்படுத்தினால் உங்களுடையது சத்தமில்லாமல் நின்றுபோகும். திடீரென்று எண்ணிக்கை பூஜ்ஜியமானால் அண்மையில் என்ன பிளகின் சேர்த்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

சாட் டேஷ்போர்டில் 40 காட்டுது, ஜிஏ4-ல 31 தான். எது பொய்?

எதுவும் பொய் இல்லை. சாட் கருவி எல்லா உரையாடலையும் எண்ணுகிறது: நேரடி சாட் லிங்க் வழியாக வந்தவை, உங்கள் ஊழியர் தொடங்கியவை, சோதனைக்காக நீங்களே செய்தவை. ஜிஏ4-ல் ஆட் பிளாக்கர் வைத்திருப்பவர்களும் குக்கீக்கு ஒப்புதல் தராதவர்களும் விட்டுப்போவார்கள். இரண்டு கணக்கிலும் டைம் ஸோன் வேறாக இருந்தால் நாள் எல்லையில் வந்தவை இடம் மாறும். இதை மட்டும் உடனே சரிசெய்யுங்கள். மேலும், டேஷ்போர்டு எண்ணுவது உரையாடலை, நீங்கள் எண்ணுவது லீடை. ஒப்பிடுவதானால் சாட்_ஸ்டார்ட்டோடு ஒப்பிடுங்கள்.

இடைவெளி வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கவலை வேண்டாம். திடீரென்று விரிந்தால் முந்தைய பதிலுக்குப் போங்கள்.

கஸ்டமர் பேர், போன் நம்பரையும் சேர்த்து அனலிட்டிக்ஸுக்கு அனுப்பினா வசதியா இருக்குமே?

கூடவே கூடாது. ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவதை கூகுளின் விதிமுறை தடை செய்கிறது. மீறினால் கணக்கே பறிபோகலாம். அதைவிட முக்கியம், அந்த எண்ணை உங்களை நம்பித் தந்தவர் அதற்காகத் தரவில்லை. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்குப் பெற்றோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது.

தெரியாமல் போகும் வழிகளும் உண்டு. ப்ரீ-சாட் கொக்கி படிவத்தின் விவரங்களை ஃபங்ஷனிடம் கொடுக்கும். அதை அப்படியே டேட்டா லேயரில் தள்ளிவிடாதீர்கள். 'படிவம் நிரம்பியது' என்ற செய்தி மட்டும் போதும்.

எந்தத் துறைக்கு வந்த சாட்னு ரிப்போர்ட்டில் பிரிச்சுப் பார்க்கணும். பாராமீட்டர் அனுப்பியும் தெரியலையே?

பாராமீட்டரை அனுப்பினால் மட்டும் போதாது. ஜிஏ4 அட்மினில் கஸ்டம் டெஃபினிஷன்ஸ் பக்கத்தில் அதே பெயரில் ஈவென்ட் அளவிலான கஸ்டம் டைமென்ஷன் (ரிப்போர்ட்டில் பிரித்துப் பார்க்கும் தலைப்பு) ஒன்றை உருவாக்க வேண்டும். லீட்_சோர்ஸுக்கும் இதே வேலை உண்டு. இதுவும் பழைய தரவுக்குப் பொருந்தாது. சாதாரண ப்ராப்பர்ட்டியில் இப்படி 50 வைக்கலாம்.

எக்ஸ்ப்ளோர் பகுதியில் பழைய மாதங்களை அலச நினைப்பவர்கள் டேட்டா ரிட்டென்ஷனையும் பாருங்கள். இயல்பாக 2 மாதம் என்றிருக்கும். 14 மாதமாக மாற்றுங்கள்.

ஒரு லீடுக்கு எவ்வளவு மதிப்புன்னு போடறது?

உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுங்கள். 20 சாட் லீடுகளில் ஒன்று ஆர்டராகிறது, ஓர் ஆர்டரில் நிற்கும் லாபம் ரூ.8,000 என்றால், ஒரு லீடின் மதிப்பு ரூ.400. இதை வேல்யூ பாராமீட்டரில் எண்ணாக மட்டும் அனுப்புங்கள், காற்புள்ளியோ ரூபாய்க் குறியோ இல்லாமல். கூடவே கரன்சி பாராமீட்டரில் ஐஎன்ஆர் கட்டாயம். அது இல்லாத வேல்யூவை ஜிஏ4 பணமாகக் கணக்கிடாது.

கூகுள் ஆட்ஸ்ல இந்த லீடைக் கொண்டுவரணும். எப்படி?

ஜிஏ4 அட்மினில் கூகுள் ஆட்ஸ் கணக்கை இணைத்து, ஆட்ஸின் கன்வெர்ஷன்ஸ் பகுதியில் ஜெனரேட்_லீட் கீ ஈவென்ட்டை இறக்குமதி செய்யுங்கள். ஆட்ஸின் சொந்த கன்வெர்ஷன் டேக்கையும் சாட்டுக்கு வைத்திருந்தால், ஒன்றை 'பிரைமரி', மற்றதை 'செகண்டரி' ஆக்குங்கள். இரண்டும் பிரைமரியாக இருந்தால் ஏலம் இரட்டை எண்ணை நம்பிச் செலவு செய்யும்.

இரு இடத்திலும் நாள்வாரி எண் ஒத்துப்போகாது. ஆட்ஸ், விளம்பரத்தைக் கிளிக் செய்த நாளில் கன்வெர்ஷனை எழுதும்; ஜிஏ4 ஈவென்ட் நடந்த நாளில் எழுதும்.

சாட் பண்ணினவர் மூணு நாள் கழிச்சு ஆர்டர் கொடுக்கிறார். அதை எப்படிச் சேர்க்கிறது?

இங்கேதான் உண்மையான பலன் இருக்கிறது, வேலையும் அதிகம். சாட் தொடங்கும்போதே பார்வையாளரின் கிளையன்ட் ஐடியையும் (அவரது உலாவியின் அடையாள எண்) செஷன் ஐடியையும் (அந்த வருகையின் எண்) கூகுள் டேக்கிலிருந்து படித்து, சாட் கருவியின் கஸ்டம் அட்ரிபியூட்டில் எழுதி வையுங்கள். ஆட்ஸிலிருந்து வந்தவராக இருந்தால் முகவரியில் இருக்கும் ஜிசிலிட் (விளம்பர கிளிக்கின் அடையாளம்) மதிப்பையும் சேர்த்து. லீட் உங்கள் சிஆர்எம் என்ற வாடிக்கையாளர் பதிவேட்டு மென்பொருளுக்குப் போகும்போது இவையும் கூடவே போக வேண்டும்.

ஆர்டர் உறுதியானதும் சர்வரிலிருந்து மெஷர்மென்ட் புரோட்டோகால் (சர்வர் நேராக ஜிஏ4-க்கு ஈவென்ட் அனுப்பும் முறை) வழியாக க்ளோஸ்_கன்வெர்ட்_லீட் ஈவென்ட்டை அதே கிளையன்ட் ஐடியோடு அனுப்பலாம். முன்தேதியிட 72 மணி நேரம் வரைதான் அனுமதி. இந்த வழியில் தவறான வடிவத்தில் அனுப்பினாலும் சர்வர் 'சரி' என்றே பதில் சொல்லும். ஆகவே முதலில் அதன் டீபக் முகவரிக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டராக வாரக்கணக்கில் ஆகும் தொழில் என்றால் ஜிசிலிட் வைத்து நேராக ஆட்ஸில் ஆஃப்லைன் கன்வெர்ஷனாக ஏற்றுங்கள். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும்.

எங்களுக்கு சாட்டே வாட்ஸ்அப்தான். அதை எண்ண முடியுமா?

பட்டனைத் தட்டியதை எண்ணலாம். செய்தி அனுப்பினாரா என்பது உங்கள் தளத்துக்குத் தெரியாது. டேக் மேனேஜரில் 'ஜஸ்ட் லிங்க்ஸ்' டிரிகர் வைத்து, கிளிக் முகவரியில் டபிள்யூஏ.மீ அல்லது ஏபிஐ.வாட்ஸ்அப்.காம் இருந்தால் வாட்ஸ்அப்_கிளிக் ஈவென்ட் அனுப்புங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே காரணத்துக்காக இதை ஜெனரேட்_லீட்டோடு கலக்காதீர்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று அறிய, லிங்கில் முன்கூட்டியே எழுதிய செய்தி வைக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு குறியீட்டை அந்தச் செய்தியில் சேர்த்துவிட்டால், வரும் செய்திகளை மாதக் கடைசியில் குறியீடு வாரியாக எண்ணி, கிளிக் எண்ணோடு ஒப்பிடலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் வர்றாங்க. குக்கீ ஒப்புதல் கேட்கணுமா?

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களுக்கு விளம்பரம் காட்டுபவர்கள் கன்சென்ட் மோடின் (பார்வையாளர் தந்த ஒப்புதலை கூகுள் டேக்குகளுக்குச் சொல்லும் அமைப்பு) இரண்டாம் பதிப்பை அமைக்க வேண்டும் என்று 2024 மார்ச் முதல் கூகுள் கேட்கிறது. சாட் பெட்டியும் தன் பங்குக்குக் குக்கீ வைக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒப்புதல் பேனரில் அதையும் ஒரு வகையாகச் சேர்த்து, அனுமதி கிடைத்தபின் சாட் நிரல் ஏறும்படி டிரிகரை மாற்றுங்கள். கொக்கிகளை மாட்டும் கஸ்டம் எச்டிஎம்எல் டேக்கும் அதே டிரிகரில் இருக்கட்டும்.